பொலி

அன்புள்ள செல்வராசு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முட்டிவலி தணிந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே ஒரு மழை பெய்ததோடு நின்றுவிட்டது. கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப்புல் மட்டும் தலைகாட்டியிருக்கிறது.

முந்தாநாள் நம் கிடாரியைக் காளைக்குச் சேர்த்தேன். மூன்று தடவை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. 21 நாளுக்கு ஒருமுறை பருவம் வந்து ராத்திரி முழுக்கக் கத்தும், கேட்கவே மனசு பொறுக்காது. பக்கத்து ஊரில் ஒருவர் காங்கேயம் காளை வைத்திருக்கிறார். விடியக்காலை ஓட்டிப்போனபோது பேத்தியும் கூட வந்தாள். திமிலும் கழுத்தும் கறுத்து, மூச்சு விட்டாலே மண் பறக்கிற காளை. வாசல் பலகையில் 'பொலிகாளை உண்டு' என்று எழுதியிருந்தது. "பொலின்னா என்ன தாத்தா?" என்றாள்.

எட்டு வயதுப் பிள்ளை. சட்டென்று பேச்சை மாற்றத்தான் தோன்றியது. அப்புறம் யோசித்தால், அந்தச் சொல்லில் மறைக்க என்ன இருக்கிறது? நம் களத்துமேடு ஞாபகம் வந்துவிட்டது. தூற்றி முடித்த நெல்லைக் குவித்தால் அதற்குப் பெயர் பொலி. அப்பா கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு வள்ளத்தில் முதல் அளவை அளக்கும்போது 'ஒன்று' என்று சொல்லமாட்டார், 'லாபம்' என்பார். இரண்டிலிருந்துதான் எண்ணிக்கை. நீயும் நானும் சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்போமே, மூக்கெல்லாம் சுணை ஏறி.

பொலிதல் என்றால் பெருகுதல், செழித்தல். முகப்பொலிவும் அதே வேர்தான். நம்மாழ்வார் 'பொலிக பொலிக பொலிக' என்று வாழ்த்தியதும் அதைக்கொண்டுதான். அதே சொல்லைத்தான் காளைக்கும் கிடாவுக்கும் வைத்தார்கள். களத்தில் குவிவதும் பட்டியில் பெருகுவதும் அவர்களுக்கு ஒன்றாகவே பட்டிருக்க வேண்டும். இனப்பெருக்கம் என்று பாடப்புத்தகம் சொல்வது சரிதான், ஆனால் அதில் வாழ்த்து இல்லை.

இன்னொன்று, இது உனக்குப் பிடிக்கும். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் வட்டிக்குப் பெயர் பொலிசை. முதல் அப்படியே நிற்க, அதிலிருந்து பெருகி வருவது. கோயில் விளக்குக்கு ஆடு விட்டதும் இந்தக் கணக்கில்தான். அணையாமல் எரியும் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு, நாளும் ஓர் உழக்கு நெய். அந்த ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதி வைத்தார்கள். சாகாத, மூப்படையாத ஆடு! கிழடு செத்தாலும் குட்டி வந்து இடத்தை நிரப்பும், ஏட்டில் 96 குறையவே குறையாது. இடையர் கையில் மந்தை பொலிய, கோயிலில் விளக்கு எரிந்தது. இதை நினைத்து அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

ஊசியை நான் குறை சொல்லவில்லை. காளையே இல்லாத ஊருக்கு அது பெரிய உதவி. ஆனால் எல்லாமே ஊசி என்று ஆகிவிட்டால் வீட்டில் காளை வளர்க்க யாருக்கு மனம் வரும்? காளை போனால் அந்தப் பலகையும் போகும், அதிலிருக்கும் சொல்லும் போகும். அதுதான் எனக்கு வருத்தம்.

பேத்திக்கு நெல் குவியலைச் சொல்லித்தான் விளக்கினேன். "அப்போ நம்ம மாடும் நிறைய ஆகுமா?" என்றாள். ஆகும் என்றேன். இன்னும் 19 நாள் பார்க்கவேண்டும். கத்தாமல் இருந்தால் சினை நின்றுவிட்டது என்று அர்த்தம். அவளே காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

நீ கும்பகோணத்தில்தானே இருக்கிறாய். கால் நன்றாக ஆனதும் கோயில் பிரகாரச் சுவரில் 'பேராடு' என்ற எழுத்து கண்ணில் படுகிறதா என்று ஒரு நடை பார்த்துவிட்டு எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பழனிச்சாமி