கியர்பாக்ஸைக் கழற்றிய பிறகுதான் கார் ஓடியது

கோயம்புத்தூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. கொஞ்ச நாள் அடுப்புப் பக்கம் போக விடாதே, சொன்னால் கேட்கமாட்டார்கள் என்று தெரியும். இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்கு பிளஸ் டூ பரீட்சை நெருங்குவதால் வீட்டில் டிவி சத்தமே இல்லை. எனக்கு அதே டெஸ்டிங் செக்‌ஷன்தான். பகலெல்லாம் பம்ப் மோட்டார், ராத்திரி வீட்டுக்கு வந்தால் இந்தச் சின்ன மோட்டார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பையன் லெகோ பிளாஸ்டிக் துண்டுகளால் ஆன புகாட்டி ஷிரோன் காரைக் கட்டி முடித்துவிட்டான், அதில் மோட்டார் வைத்து ரிமோட்டில் ஓட்டவேண்டும் என்கிறான், எந்த மோட்டார் வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். மூன்று மாதமாக நான் இதே வேலையில்தான் இருக்கிறேன். அண்ணன் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் உனக்கு நினைவிருக்கும். லெகோ டெக்னிக் வரிசையில் 2016இல் வந்தது, 2704 துண்டுகள். ஆரஞ்சு நிறம், நிஜக் காரில் எட்டில் ஒரு பங்கு அளவு. அலமாரியில் வருடக்கணக்காக நின்றது. தூசி துடைக்க எடுக்கும்போதெல்லாம் பின்சக்கரத்தை உருட்டுவேன். உள்ளே ஆறு பிஸ்டனும் மேலும் கீழும் இல்லாமல் பக்கவாட்டில் போய்வரும். போர்ஷே 911க்கு எஞ்சின் பின்னால், அதுவும் படுத்த வாக்கில். அந்த அமைப்பை அப்படியே பிளாஸ்டிக்கில் செய்திருக்கிறார்கள். இவ்வளவு வேலைப்பாடு இருந்தும் தானாக ஓர் அடி நகராது. அதுதான் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

எந்த மோட்டார் என்பது இரண்டாவது கேள்வி. முதலில் பையனிடம் சொல்லி, காரைத் தூக்கிப் பிடித்து ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்றிவிடச் சொல். எத்தனை சுற்று சுற்றிவிட்டு நிற்கிறது என்று எண்ணச் சொல். எங்கள் செக்‌ஷனில் சப்ளை கொடுப்பதற்கு முன் ஷாஃப்ட்டைக் கையால்தான் சுற்றிப் பார்ப்போம். இறுக்கம் எங்கே என்று மீட்டர் சொல்வதற்கு முன்னால் விரல் சொல்லிவிடும். என் போர்ஷேயின் சக்கரம் விரலை எடுத்த கணமே நின்றது, அரைச் சுற்றுகூட இல்லை. அன்றே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் மோட்டார் வாங்கினேன்.

வாங்கியது பவர் ஃபங்ஷன்ஸ் என்ற பழைய வகை. இப்போது லெகோ அதைத் தயாரிப்பதில்லை, கையிருப்பு வைத்திருப்பவர்களிடம்தான் கிடைக்கும். ஓட்டுவதற்கு இரண்டு எல் மோட்டார், ஸ்டீயரிங்குக்கு, சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் ஒரு சர்வோ. எல் மோட்டார் 9 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 390 சுற்று சுற்றும். சுற்றவிடாமல் பிடித்து நிறுத்தினால் 18 நியூட்டன் சென்டிமீட்டர் அளவுக்கு முறுக்கு விசை தரும். எக்ஸ்எல் என்று இன்னொன்று இருக்கிறது, அதற்கு 220 சுற்றுதான், ஆனால் விசை 40. இரண்டு எல் போதும் என்று கணக்குப் போட்டேன்.

அந்த இரண்டையும் முன்சீட்டுகளுக்குக் கீழே, நேருக்கு நேர் பார்க்க வைத்தேன். ஸ்விட்சைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், அவ்வளவுதான். ஒன்று வலமாகச் சுற்ற, எதிரில் இருந்தது இடமாகச் சுற்றி இரண்டும் மல்லுக்கட்டி நின்றன. வேலையில் ஒரு மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் மூன்று ஃபேஸில் இரண்டை மாற்றிப் போட்டு முடித்துவிடுவோம். இந்த ஒயரில் அப்படிப் பிரித்து மாற்ற முடியாது, திசை மாற்றும் ஸ்விட்ச் ஒன்றை நடுவில் போடவேண்டும். அதற்குப் பதில் இரண்டையும் ஒரே பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தேன். ஒரு நுகத்தில் பூட்டினால் இரண்டு மாடும் ஒரே நடைக்கு வரவேண்டும் அல்லவா. இதனால்தான் எல் மோட்டாரோடு எக்ஸ்எல் மோட்டாரைச் சேர்த்துப் பூட்டக்கூடாது. வேகமானது மெதுவானதையும் சேர்த்து இழுக்கும்.

அடுத்து, ஆக்ஸில் முறுக்கிக்கொண்டது. இதைப் பையனுக்கு அவசியம் படித்துக் காட்டு. மோட்டார் முனையிலேயே 8 பல் கியரையும் 24 பல் கியரையும் சேர்த்தேன். வேகம் மூன்றில் ஒன்றாகக் குறையும், விசை மூன்று மடங்காகும். அங்கிருந்து 12 குமிழ் நீள ஆக்ஸில் ஒன்று பின்னால் போயிற்று. லெகோ கட்டையின் மேல் ஒரு குமிழுக்கான இடம் 8 மில்லிமீட்டர், ஆக 96 மில்லிமீட்டர் நீளப் பிளாஸ்டிக் குச்சி. கார் இரண்டு ஜாண் நகர்ந்தது, 'டக் டக் டக்' என்று பல் தாவியது, நின்றுவிட்டது. கழற்றி வெளியே எடுத்துப் பார்த்தால், சிலுவை வடிவில் நேராக இருந்த ஆக்ஸிலின் நான்கு விளிம்பும் கை முறுக்கு போலச் சுற்றிக்கொண்டிருந்தன. துளைக்குள் திரும்பப் போகவே மறுத்தது. இன்னும் என் மேசையில் கிடக்கிறது.

கணக்குப் பார்த்தால் காரணம் எளிது. இரண்டு மோட்டாரும் சேர்ந்தால் முறுக்கு விசை 36, அதை மோட்டார் வாசலிலேயே மூன்று மடங்காக்கினால் 108. அத்தனையும் அந்தக் குச்சி வழியாகப் போகவேண்டும். கியரைக் கடைசியில், இரண்டு பின்சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குப் பக்கத்தில் போட்டால் குச்சியில் 36தான் போகும், வேகமாகச் சுற்றும், அவ்வளவே. டிராக்டரைப் பார், கடைசிக் குறைப்பு கியர் பின்சக்கரத்தை ஒட்டித்தான் இருக்கும். அந்தப் பாடத்தை நாம் இரண்டு பேரும் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறோம். இருந்தும் ஓர் ஆக்ஸில் முறுக்கிக் காட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

கியரை இடம் மாற்றிய பிறகும் கார் திணறியது. பேட்டரியைப் புதிதாகப் போட்டேன், கொஞ்சம் நகர்ந்தது. எல் மோட்டாரை எடுத்துவிட்டு எக்ஸ்எல் வாங்கலாமா என்று யோசித்தபோதுதான் நம் கடைசி வருஷ ப்ராஜெக்ட் நினைவுக்கு வந்தது. 1999, பாலிடெக்னிக் லேப். சிமெண்ட் தரையில் கறுப்பு டேப்பைப் பின்தொடர்ந்து போகவேண்டிய தள்ளுவண்டி. நகரவில்லை என்றதும் பெரிய மோட்டார் போட்டோம். அது கனம் என்று பெரிய பேட்டரி, அதைத் தாங்க இரும்புச் சட்டம். டெமோ அன்று எக்ஸாமினர் முன்னால் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. நீ அழுதாய், நான் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். இருபத்து சொச்சம் வருஷமாக மோட்டார் பற்றவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். இல்லையடி. சக்கரத்து புஷ், அச்சைப் பிடித்துவைக்கும் அந்த வளையம், இறுகியிருந்தது. அதைக் கையால் சுற்றிப் பார்க்க நம் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

அன்றிரவு எக்ஸ்எல் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டு போர்ஷேயைப் பிரித்தேன். உள்ளே நான்கு கியர் உள்ள பெட்டி இருக்கிறது, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் சின்னத் துடுப்பைத் தட்டினால் கியர் மாறும். கையால் விளையாடும்போது அதன் அழகே தனி. ஆனால் எந்த கியரில் போனாலும் எல்லாப் பற்சக்கரமும் சேர்ந்துதான் சுற்றும். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் விசையைத் தின்றுவிடும். இரண்டு நாள் மனசு வரவில்லை. மூன்றாம் நாள் கழற்றினேன். பிஸ்டன்களை மட்டும் விட்டுவைத்தேன், அவை தின்பது சொற்பம், அவை ஓடாமல் அந்தக் கார் இருக்கவும் கூடாது.

பிறகு ஒவ்வொரு புஷ்ஷாகப் பார்த்தேன். கட்டும்போது நம் விரல் தானாக புஷ்ஷை, அச்சு நுழையும் துளையுள்ள சட்டமான பீமோடு ஒட்டித் தள்ளிவிடும். அப்படி ஒட்டினால் பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடம் விடவேண்டும். நான் நிஜமாகவே கார்டைச் செருகி, புஷ்ஷைத் தள்ளி, கார்டை உருவினேன். மோட்டாரில் ஷாஃப்ட் கொஞ்சம் முன்பின் அசைய எண்ட் ப்ளே விடுகிறோமே, அதே வேலைதான். எல்லாம் முடித்துச் சக்கரத்தைச் சுழற்றினேன். மோட்டாரைப் பூட்டாத நிலையில் ஆறு சுற்று சுற்றி நின்றது. அதே இரண்டு எல் மோட்டாரைப் பூட்டினேன். ஹாலில் 5 மீட்டரை 12 நொடியில் கடந்தது. மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். நிஜ ஜிடி3 ஆர்எஸ் 310 போகும், எட்டில் ஒரு பங்கு என்றால் இது 39 போகவேண்டும். எனக்கு அந்த ஆசை இல்லை. இந்தக் கார் மெதுவாகப் போவதுதான் அழகு, உள்ளே நடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது.

ரிமோட் பற்றி. பழைய வகை அகச்சிவப்பில் வேலை செய்யும், டிவி ரிமோட் மாதிரி. ரிசீவரின் கறுப்புக் கண் வெளியே தெரியவேண்டும். நான் முன்பக்க டிக்கிக்குள் ஒளித்து வைத்தேன், பாதி நேரம் கேட்கவில்லை. மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் அதுவும் போயிற்று, வெயிலிலேயே அகச்சிவப்பு கொட்டிக் கிடக்கிறது அல்லவா. பிறகு புளூடூத்துக்கு மாறினேன். இந்த மோட்டார்களுக்கு எஸ்பிரிக், புவிஸ் என்று வேறு கம்பெனிகள் செய்த புளூடூத் ரிசீவர் கட்டைகள் உண்டு, ஃபோனிலேயே ஓட்டலாம். உன் பையன் புதிதாக வாங்குவதால் அதற்குப் பின் லெகோ கொண்டுவந்த பவர்ட் அப் வகையே நல்லது. பேட்டரியும் ரிசீவரும் ஒன்றாக இருக்கும் அதன் டெக்னிக் ஹப்பில் நான்கு மோட்டார் செருகலாம், ஆறு பென்சில் பேட்டரி. அந்த மோட்டார்களுக்குத் தாங்கள் எந்தக் கோணத்தில் நிற்கிறோம் என்பது தெரியும், அதனால் ஸ்டீயரிங்கை நடுவில் கொண்டுவந்து நிறுத்துவது சுலபம். பழைய ஒயரும் புதிய ஒயரும் ஒன்றோடொன்று சேராது, கலந்து வாங்கிவிடாதே. ரீசார்ஜ் பேட்டரி போட்டால் ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான், ஆறுக்கு 7.2. 9 வோல்ட்டில் வரும் வேகம் வராது, பயப்படவேண்டாம் என்று சொல். பேட்டரியை முன்பக்கம் வைத்தால் பின்னால் எஞ்சின் கனத்துக்குச் சரியாக இருக்கும் என்று நான் வைத்தேன், ஷிரோனுக்கு எஞ்சின் நடுவில், அவன் தூக்கிப் பார்த்து முடிவு செய்யட்டும்.

ஷிரோன் என்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். அது 3599 துண்டு, கியரும் எட்டு, நான்கு சக்கரமும் இழுக்கும். என் காரைவிட உரசல் அதிகம். எதைக் கழற்றுவது என்று அவனே முடிவு செய்யட்டும், நீ சொல்லாதே. அவனிடம் இந்தக் கதையைச் சொல்: 2018இல் லெகோ ஒரு ஷிரோனை நிஜ அளவில் செய்தது. செக் நாட்டில் கிளாட்னோவில் கட்டினார்கள். பத்து லட்சத்துக்கு மேல் துண்டுகள், பசை கிடையாது, எடை ஒன்றரை டன். உள்ளே நான் வைத்திருக்கும் அதே பவர் ஃபங்ஷன்ஸ் வகை மோட்டார்கள் 2304, பற்சக்கரங்கள் 4032. எல்லாம் சேர்ந்து 5.3 குதிரைத்திறன் என்று கணக்கிட்டார்கள். வகுத்துப் பார்த்தேன், மோட்டார் ஒன்றுக்கு 1.7 வாட்தான் வருகிறது. ஜெர்மனியில் ஏரா-லெஸியன் ஓட்டப் பாதையில் பந்தய ஓட்டுநர் ஆண்டி வாலஸ் உட்கார்ந்து ஓட்டினார், மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போனது. அடுத்த வருஷம் அதே பாதையில் நிஜ ஷிரோனை 490 கிலோமீட்டரில் ஓட்டியவரும் அவர்தான். 2304 மோட்டாரை ஒரே நடைக்குக் கொண்டுவந்தவர்களை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. இரண்டு மோட்டாருக்கே நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ஸ்டீயரிங்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சர்வோவைச் சக்கரங்களோடு நேராகப் பூட்டினால் வேலை சுலபம், ஆனால் உள்ளே இருக்கும் ஸ்டீயரிங் சக்கரம் அசையாது. அதை இணைப்பிலேயே வைத்திருக்க இரண்டு கியர் கூடுதலாக வேண்டும், கொஞ்சம் ஆட்டமும் வரும். இதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. போன வாரம் எல்லோரும் தூங்கிய பிறகு ஹாலில் தரையில் படுத்து, கன்னத்தைத் தரையோடு வைத்து, ஃபோனில் திருப்பினேன். கார் என்னை நோக்கி வளைந்து வந்தது. காலியான டிரைவர் சீட்டுக்கு முன்னால் அந்தச் சின்ன ஸ்டீயரிங் மெதுவாக இடப்பக்கம் திரும்பியது, பிறகு தானாக நேரே வந்து நின்றது. பின்னால் பிஸ்டன்கள் 'கிடு கிடு' என்று ஓடிக்கொண்டிருந்தன. எத்தனை தடவை அதையே செய்தேன் என்று தெரியவில்லை.

மே லீவில் பையனைக் கூட்டிக்கொண்டு இங்கே வா. அம்மாவுக்கும் அதற்குள் கண் தெளிந்துவிடும், அவரையும் அழைத்து வா. ஷிரோனைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்து எடுத்து வரச் சொல், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டால் போதும். கழற்றிய கியர்பாக்ஸை ஒரு ஹார்லிக்ஸ் டப்பாவில் அப்படியே போட்டு வைத்திருக்கிறேன், ஒரு பல்கூடக் குறையவில்லை. முதலில் அதை அவன் கையில் கொடுக்கிறேன். நான்கு கியரையும் மாற்றிப் பார்க்கட்டும். அப்புறம் அவன் காரைத் தூக்கிப் பிடித்து, சக்கரத்தைச் சுழற்றி, மூன்று பேரும் சேர்ந்து எண்ணலாம்.

அன்புடன்,
உன் பழைய லேப் பார்ட்னர்