மின்னஞ்சலின் முதல் வரி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் வகுப்பாசிரியை ஒருவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "பையனுக்குக் காய்ச்சல். இன்று வரமாட்டான்." அவ்வளவுதான். எந்தப் பையன், அனுப்பியது யார், எதுவும் இல்லை. முகவரியிலும் ஆள் பெயர் கிடையாது. ஒரு பூவின் பெயரும் நான்கு எண்களும்தான். அன்று வராத பையன்கள் மூன்று பேர். மூன்று வீட்டுக்கும் போன் போட்டுத்தான் கண்டுபிடித்தோம்.

குறை சொல்ல இதை எழுதவில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டிய வரி அது, புரிகிறது. ஆனால் பிள்ளைகள் எழுதுவதும் இப்படித்தான் இருக்கிறது. "ஹாய் மேம், மார்க் எப்போ வரும்?" என்று ஒன்று வரும். இன்னொருவன் நலம் விசாரித்து, வாழ்த்தி, வணங்கி, ஐந்தாவது வரியில்தான் விடுப்பு கேட்பான். கைப்பேசியில் மின்னஞ்சலைத் திறக்குமுன் கண்ணில் படுவது அனுப்பியவர் பெயரும் பொருளும் முதல் சில சொற்களும்தான். அந்த இடத்தை நலம் விசாரிப்பே அடைத்துக்கொண்டால் விஷயம் எங்கே தெரியும்?

ஆகவே மின்னஞ்சலை எப்படித் தொடங்குவது என்று இந்த மாதம் 8, 9-ஆம் வகுப்புகளுக்குச் சொல்லித் தருகிறோம். தாளில் கடிதம் எழுதும்போது 'விளி' என்று படித்தோமே, அதேதான். யாருக்கு எழுதுகிறோமோ அவரை அழைப்பது, வணக்கம் சொல்வது, அடுத்த வரியிலேயே தான் யார், என்ன வேண்டும் என்று சொல்வது. "மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி (பெயர்). அறிவியல் செய்முறை ஏட்டைத் திங்கட்கிழமை தர அனுமதி வேண்டும்." இதற்கு மேல் அலங்காரம் எதற்கு?

'காலை வணக்கம்' வேண்டாம் என்பேன். நீங்கள் காலையில் எழுதியதை அவர் இரவு படிக்கலாம். ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் 'ஐயா/அம்மா' என்று போடலாம். பெயர் தெரிந்தால் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதுவது இன்னும் நல்லது. பழைய மின்னஞ்சலை நகலெடுத்து அனுப்பும்போதுதான் ஆபத்து. நானே ஒருமுறை ஒரு தாய்க்கு எழுதிய பதிலை 'ஐயா' என்று தொடங்கி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். அப்புறம் மன்னிப்புக் கேட்டு இன்னொன்று.

ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு சந்தேகம் வரும். மகள் 'டியர் சார்' என்று எழுதியதைப் பார்த்து ஒரு தந்தை என்னிடம் வருத்தப்பட்டார். அங்கே 'டியர்' என்பது வெறும் மரபு, பாசம் ஒன்றும் இல்லை. தயங்காமல் எழுதட்டும். ஒரே நாளில் நாலு முறை பதில் போய் வந்தால் ஒவ்வொரு முறையும் விளி போட வேண்டியதில்லை. முதல் ஒன்று, இரண்டில் இருந்தால் போதும்.

ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு முதல் மின்னஞ்சலை 1971-இல் அனுப்பிய அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சனுக்கு அதில் என்ன எழுதினோம் என்பதே பின்னால் நினைவில்லை. தனக்குத்தானே அனுப்பிய சோதனை அது, வணக்கம் தேவைப்பட்டிருக்காது!

வரும் வெள்ளிக்கிழமை உங்கள் பிள்ளை உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புவான் அல்லது அனுப்புவாள். தவறு இருந்தால் போனில் திட்ட வேண்டாம். விளியோடு இரண்டு வரி பதில் எழுதுங்கள், திங்கட்கிழமை அதை வகுப்பில் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்