புல்வெளியில் மரம் நட வேண்டாம், சரவணன் அண்ணா

அன்புள்ள சரவணன் அண்ணா,

உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று பெங்களூருக்கு வெளியே ஹெசரகட்டா பக்கம் 500 மரக்கன்று நடப் போவதாக நம் அபார்ட்மெண்ட் தமிழ் குரூப்பில் நீங்கள் போட்ட போஸ்டரைப் பார்த்தேன். ‘பொட்டல் காட்டைப் பசுமையாக்குவோம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வேன் பேசியாகிவிட்டது, டிபனுக்குச் சொல்லியாகிவிட்டது, பிள்ளைகளுக்குப் பச்சைத் தொப்பிகூட வந்து இறங்கிவிட்டது. இந்த நேரத்தில் குறுக்கே வருகிறாளே என்று கோபப்படாதீர்கள். குரூப்பில் நாலு வரி போட்டால் சண்டையில் போய் முடியும். பொதுவில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. பெங்களூரில் ஜூன் பிறந்தால் கன்றும் கடப்பாரையுமாகக் கிளம்புகிறவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லையே.

அது பொட்டல் காடு இல்லை அண்ணா, புல்வெளி. 1894-ல் பெங்களூருக்குக் குடிநீர் கொடுக்க அர்க்காவதி ஆற்றை மறித்துக் கட்டிய ஏரியை ஒட்டி, பல ஆயிரம் ஏக்கருக்கு விரிந்து கிடக்கிறது. நீங்கள் இடம் பார்க்கப் போனது ஏப்ரல் கடைசியில். அப்போது மேலே இருக்கிற தாளெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறத்தில்தான் இருக்கும். தூர் உயிரோடு இருக்கும். இரண்டு மழை விழட்டும், கன்று வைக்காமலே பச்சை பிடித்துவிடும்.

மரம் இல்லாத இடமெல்லாம் மரத்தை இழந்த இடம் என்று நமக்கு எப்படியோ மனதில் பதிந்துவிட்டது. உங்கள் மகளின் சமூக அறிவியல் புத்தகத்தைப் புரட்டினாலே துந்திரா, டைகா, மழைக்காடு, பாலைவனம், சவானா, ஸ்டெப்பி என்று நிலவகைகள் வரிசையாக இருக்கும். வடதுருவத்தை ஒட்டிய துந்திராவில் கொஞ்சம் தோண்டினாலே வருடம் முழுக்க உறைந்து கிடக்கும் மண். வேர் இறங்க வழியில்லாததால் செடிகள் தரையோடு தரையாகப் படர்ந்து, சின்னக் கோடைக்குள் பூத்துக் காய்த்து முடிக்கின்றன. சைபீரியாவுக்குப் போய் யாரும் வேப்பங்கன்று நடுவதில்லை. நம் ஊர்ப் புல்வெளிக்கு மட்டும் அந்த மரியாதை கிடைப்பதில்லை. அரசாங்கக் கணக்கிலேயே புல்வெளியும் புதர்க்காடும் பல இடங்களில் தரிசு என்றுதான் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

சரி, புல்லில் அப்படி என்ன இருக்கிறது? பெரும்பாலான செடிகளுக்கு வளரும் முனை உச்சியில் இருக்கும். ஆடு கடித்தால் அந்தக் கொப்பு அதோடு போயிற்று. புல்லுக்கு வளரும் இடம் அடியில், மண்ணை ஒட்டி. நம் தலைமுடி மாதிரி, மேலே வெட்ட வெட்டக் கீழிருந்து வந்துகொண்டே இருக்கும். மாடு மேய்ந்தாலும் தீ ஓடினாலும் போவது மேல்தாள்தான். அமெரிக்காவின் பிரெய்ரி புல்வெளியில் சில புற்களின் வேர் 2 மீட்டருக்கும் கீழே இறங்கும். அது உள்ளே சேர்த்துவைக்கிற கார்பனைத் தீ தொடுவதில்லை. காட்டில் தீப்பிடித்தால் மரத்தில் இருந்த கார்பன் புகையாகிவிடுகிறது. கார்பனுக்காக மரம் நடுகிறோம் என்று போஸ்டரில் போட்டிருந்தீர்களே, அதனால் சொன்னேன்.

புல்லுக்குத் தற்காப்பும் உண்டு. தாளில் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கிற அதே பொருள். ஓரத்தில் விரலை ஓட்டினால் கீறும். இதைக் காலம் முழுக்க அரைத்தாக வேண்டும் என்பதால்தான் மாட்டுக்கும் குதிரைக்கும் கடைவாய்ப் பல் அவ்வளவு உயரம். தேயத் தேய மேலே ஏறி வரும். ஆப்பிரிக்காவில் செரங்கெட்டியில் மழை போகும் திசையெல்லாம் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் என்கிற காட்டு விலங்குகள் போவதும் இந்தப் புல்லுக்காகத்தான். நம் பக்கம் அந்த வேலையை வெளிமானும் கால்நடையும் செய்தன. மைசூர் அரசர்கள் அம்ருத மஹால் மாடுகளுக்கென்றே ‘காவல்’ என்று புல்வெளிகளை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அது தரிசாகத் தெரியவில்லை.

இப்போது நீங்கள் குழி போடப்போகிற தரைக்கு வருகிறேன். ஆள்காட்டிக் குருவியை உங்களுக்குத் தெரியும், ஆளைக் கண்டால் ஊரைக் கூட்டுகிற பறவை. அது கூடு கட்டுவதில்லை. தரையில் லேசான பள்ளம், சுற்றிலும் சிறு கற்கள், சில சமயம் ஆட்டுப்புழுக்கை. அதில் பெரும்பாலும் 4 முட்டை, மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகளோடு. ஒரு அடி தள்ளி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. வெயில் கொளுத்தினால் தண்ணீருக்குப் போய் வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டைமேல் உட்காரும். கோடையும் மழைத் தொடக்கமும்தான் அதன் அடைகாலம். வானம்பாடியும் தரையில்தான் முட்டையிடும். உட்கார்ந்து பாடக் கிளை இல்லாத நிலம் என்பதால் பறந்தபடியே பாடும். குளிர்காலத்தில் கஜகஸ்தான் பக்கத்திலிருந்தெல்லாம் பூனைப்பருந்துகள் வருகின்றன. பருந்து என்றாலும் மரம் தேடுவதில்லை. இரவில் கூட்டமாகப் புல்லுக்குள் தரையிலேயே தங்கும்.

இங்கே ஆண்டுக்கு 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறதே, கன்று பிழைத்துவிடுமே என்பீர்கள். பிழைத்துவிடும் என்பதுதான் என் பயம். நிழல் விழுந்தால் வெயிலுக்கென்றே அமைந்த புல் மெலியும். கிளை வந்தால் காக்கை வந்து உட்காரும். மேலிருந்து பார்க்கிற காக்கையிடமிருந்து தரைமுட்டை தப்பாது. குழி தோண்டிக் கிளறிய மண்ணில் உண்ணிச்செடி புகுந்துவிடும். இது ஒரு ஜூனில் நடந்துவிடாது. ஆனால் ஒவ்வொரு ஜூனிலும் யாராவது 500 கன்றோடு வருகிறார்கள்.

கோத்தகிரிக்காரரான உங்களுக்கு இதை நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். நீலகிரி உச்சியில் மடிப்புகளில் சோலை, சரிவுகளில் புல் என்பதுதானே அமைப்பு? டிசம்பர், ஜனவரி உறைபனியில் திறந்த சரிவில் முளைக்கிற சோலை மரக்கன்றுகள் கருகிவிடும். புல்லின் குருத்து தூருக்குள் பத்திரமாக இருக்கும். நம் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் (ஐ.ஐ.எஸ்.சி.) சூழலியலாளர் சுகுமாரும் அவர் குழுவினரும் அங்குள்ள சதுப்புமண்ணை ஆராய்ந்து 1993-ல் வெளியிட்ட கட்டுரையின்படி, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் செழித்திருக்கிறது. வெள்ளைக்காரர்களுக்கு அது வெற்றுச் சரிவாகத் தெரிந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டில் என்கிற சீகை மரத்தையும் யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரத்தையும் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நம் வனத்துறையே தோல் பதனிடும் பட்டைக்கும் விஸ்கோஸ் துணியிழைக்கான கூழுக்கும் என்று இன்னும் வேகமாக நட்டது. வரையாட்டின் மேய்ச்சலும் தோடர் எருமையின் மேய்ச்சலும் சுருங்கின. இப்போது அதே வனத்துறை சீகையை வெட்டிக்கொண்டிருக்கிறது. வெட்டினாலும் விடுவதாயில்லை, மண்ணில் பல பத்தாண்டுகள் தூங்கிக் கிடக்கும் விதையெல்லாம் வெளிச்சம் பட்டதும் முளைத்து நிற்கிறது. கெட்ட எண்ணத்தில் யாரும் நடவில்லை. அவர்களிடமும் ஒரு போஸ்டர் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

ஹெசரகட்டாவில் ஃபிலிம் சிட்டி வரப்போகிறது என்று ஒரு காலத்தில் பேச்சு அடிபட்டது. பறவை பார்க்கிறவர்களும் அக்கம்பக்கத்துக் கிராமத்தாரும் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். கட்டடம் என்றால் எதிர்ப்பு வரும். மரம் என்றால் யாரும் வாயைத் திறப்பதில்லை, கைதட்டத்தான் தோன்றும்.

வாங்கப்போகிற கன்றுகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். நம் கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை, ரோட்டை அகலப்படுத்தியபோது வெட்டிய மரங்களின் இடம் மொட்டையாகவே கிடக்கிறது. அங்கே புங்கன் வையுங்கள். வார்டு அலுவலகத்தில் அனுமதிக்கு எழுதித் தர வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு கோடைக்காவது தண்ணீர் ஊற்ற ஆள் முறை போடலாம். ஹெசரகட்டாவில் வைத்திருந்தால் போட்டோ எடுத்த மறுநாளிலிருந்து யார் ஊற்றியிருப்பார்கள்? மிஞ்சியதை ஏதாவது பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடலாம்.

வேனைக் கேன்சல் செய்ய வேண்டாம். பிள்ளைகளை அழைத்துப் போங்கள், கடப்பாரையை மட்டும் வீட்டில் வையுங்கள். காலை 6 மணிக்கெல்லாம் அங்கே இருந்தால் நல்லது, 9 மணிக்கு மேல் வெயிலில் ஒன்றும் தெரியாது. வண்டிப்பாதையை விட்டுப் புல்லில் இறங்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முட்டை கிடக்கும். என்னிடம் ஒரு பைனாகுலர் இருக்கிறது, சி பிளாக் மாமாவிடம் இன்னொன்று இருக்கிறது. போஸ்டரை மட்டும் இந்த வாரத்துக்குள் மாற்றிப் போட்டுவிடுங்கள், நர்சரிக்கு முன்பணம் கொடுத்தபிறகு மனம் மாறாது.

அன்புடன்,
கவிதா, பி பிளாக்