மரம் கழிக்கும் தொழிலுக்கு முதல் செலவு கயிறாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைமுதல் குறைந்தவர்கள் தொடங்கத்தக்க தொழில்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் தொடர்ந்து எழுதி வருகிறீர்கள். காளான் வளர்ப்பு, தையல், ஆடு வளர்ப்பு எனப் பலவும் வந்துவிட்டன. வீட்டு மரங்களின் கிளை கழித்தல், ஆபத்தாகச் சாய்ந்து நிற்கும் மரங்களைப் பிறருக்குச் சேதமின்றி இறக்குதல் ஆகிய வேலைகளை ஒரு தொழிலாக யாரும் குறிப்பிட்டு நான் படித்ததில்லை. 2017 முதல் காட்பாடி, கே.வி.குப்பம், குடியாத்தம் பகுதிகளில் இவ்வேலையைச் செய்து குடும்பம் நடத்துபவன் என்ற முறையில், இதைத் தொடங்க நினைக்கும் இளைஞர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நான் இத்தொழிலுக்குத் திட்டமிட்டு வந்தவன் அல்லன். ராணிப்பேட்டையில் ஒரு காலணித் தொழிற்சாலையில் வெட்டுப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். 2016 நவம்பரில் பழைய ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தபின் வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைப்பதே அரிதாயிற்று. அடுத்த மாதம் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தது. சாய்ந்த மரங்களை அகற்ற ஆள் தேவை என்று கேள்விப்பட்டு ஊரார் நால்வருடன் போய்ப் பதினெட்டு நாள் வேலை செய்தேன். அங்கே நான் அறுத்த மரங்களில் பெரும்பாலானவை குல்மொகர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி மரங்களாகவே இருந்தன. வேரோடு பெயர்ந்து கிடந்தவற்றைப் பார்த்தால், நடைபாதைக்காகவோ கேபிள் குழிக்காகவோ ஒரு பக்கத்து வேர்கள் எப்போதோ வெட்டப்பட்டிருந்தது பலவற்றில் கண்ணுக்குத் தெரிந்தது. ஊர் திரும்பியதும் வேலூர்த் தெருக்களில் அதே மரங்கள் அதே நிலையில் நிற்பதைப் பார்த்தபோதுதான், இந்த வேலைக்கு இங்கேயும் தேவை இருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது.

கையில் இருந்தது, என் மனைவி சீட்டு எடுத்த 40,000 ரூபாய். யாரைக் கேட்டாலும் முதலில் மிஷின் வாங்கு என்றுதான் சொன்னார்கள். பெயர் தெரியாத பெட்ரோல் ரம்பம் ஒன்றை 9,500 ரூபாய்க்கு வாங்கினேன். கயிறு என்று என்னிடம் இருந்தது கிணற்றுக்கு வாங்கிய பழைய நைலான் கயிறு மட்டுமே. மூன்றாவது வாரம் காட்பாடியில் ஒரு வீட்டின் பின்புறம் நின்ற வேப்பமரத்தில், தொடை அளவு பருமனுள்ள ஒரு கிளையை அறுக்கப் போனேன். கிளை பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேலாக நீண்டிருந்தது. மேலிருந்து ஒரே வெட்டாக அறுத்தேன். பாதி அறுபடுவதற்குள் கிளை தன் பாரத்தால் கிழிந்தது. அடிமரத்துப் பட்டை ஒரு முழ நீளத்துக்கு உரிந்து வந்தது. கிளை நேராக விழாமல், உரிந்த பட்டையில் தொங்கியபடி ஊஞ்சலாக வீசி, கூரையின் இரண்டு தகடுகளை உடைத்துவிட்டது. அந்த வேலைக்கு நான் பேசிய கூலி 1,200 ரூபாய், கொடுத்த நஷ்டஈடு 6,000 ரூபாய். அடுத்த வாரமே அந்த மிஷினும் நின்றுபோனது.

கே.வி.குப்பம் பக்கத்தில் புளி உலுக்கியும் தென்னை ஏறியுமே வாழ்ந்த ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். “மேலருந்து அறுத்தா அது உன்னைக் கேட்டுக்கினா விழும், தம்பி? கீழ ஒரு வாய் வெச்சிட்டு அப்புறம் மேல போ” என்றார். பின்னாளில் நான் படித்தும் பழகியும் தெரிந்துகொண்ட முறைக்கும் அவர் சொன்னதே அடிப்படை. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கீழ்ப்புறமாகக் கிளையின் கால் பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாம் வெட்டு. பாரம் முழுதும் இறங்கிய பிறகு, மீதமிருக்கும் குட்டைத் துண்டை (முண்டு), கிளை அடிமரத்தோடு சேரும் கழுத்துத் தடிப்புக்குச் சற்று வெளியே மூன்றாவதாக அறுக்க வேண்டும். அந்தத் தடிப்பை அடிமரத்தோடு ஒட்டச் சீவினால் காயம் பெரிதாகி உள்ளே சொத்தை இறங்கும். முழ நீளத்துக்கு முண்டு விட்டால், அது செத்து அழுகி மரத்துக்குள் வழி திறந்துவிடும். சரியான இடத்தில் அறுத்த காயத்தைச் சுற்றிப் பட்டை தானாகவே மூடி வளரும். தார் பூசுவதோ பெயின்ட் அடிப்பதோ தேவையில்லை.

பெரியவர் கற்றுத்தந்த இரண்டாவது பாடம் கயிறு. கீழே கூரையோ மதிலோ இருந்தால், அறுபட வேண்டிய கிளையில் கயிற்றைக் கட்டி, அதற்கு மேலே உள்ள பலமான ஒரு கவைக்குள் விட்டு, கீழே அடிமரத்தைச் சுற்றி இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிப் பிடிக்க வேண்டும். அந்தச் சுற்றுகளின் உராய்வே பாரத்தைத் தாங்கும். கீழே நிற்பவர் கையைச் சற்றே தளர்த்தினால் கிளை மெல்ல மெல்ல இறங்கும். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது. இதை முதன்முதலாகச் செய்து, ஒரு மாட்டுத் தொழுவத்துக் கூரைக்கு மேலிருந்து வாகைக் கிளையை ஓர் ஓடும் அசையாமல் தரையில் வைத்த நாளில்தான் இது தொழில் என்ற மதிப்பு என் மனத்திலேயே எனக்கு வந்தது.

ஆகவே, இன்று 40,000 ரூபாயோடு ஒரு தம்பி என்னிடம் வந்தால், முதலில் மிஷின் வாங்காதே என்றுதான் சொல்வேன். மரம் ஏறுவதற்கென்று ஒரு கயிறு, கிளை இறக்குவதற்கென்று வேறொரு கயிறு, முழு உடல் பாதுகாப்பு பெல்ட், அடிமரத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் பட்டை, ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, ஒரு கப்பி ஆகியவற்றுக்கு எனக்கு இரண்டாம் முறை ஆன செலவு ஏறத்தாழ 14,000 ரூபாய். வளைந்த கைரம்பம் இரண்டும், நீண்ட கழியில் பொருத்திய ரம்பம் ஒன்றும் சேர்ந்து 4,000 ரூபாய்க்குள் அடங்கின. கை பருமனுள்ள கிளையைக் கூர்மையான கைரம்பம் சில நிமிடங்களில் அறுத்துவிடும், வீட்டு மரங்களில் வரும் வேலையில் பெரும்பகுதி அத்தகைய கிளைகளே. பெரிய அடிமரம் வரும் நாளில் மட்டும் மிஷினை வாடகைக்கு எடுத்தேன். எட்டு மாதம் கழித்து, உதிரிப் பாகம் வேலூரிலேயே கிடைக்கும் நல்ல மிஷினாகப் பார்த்து 26,000 ரூபாய்க்கு வாங்கினேன். வண்டி இன்றுவரை சொந்தமாக வாங்கவில்லை, குட்டியானை வாடகையே போதுமானதாக இருக்கிறது.

மிஷினைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏணியில் நின்றுகொண்டு அதை இயக்கக் கூடாது, தோளுக்கு மேல் உயர்த்தியும் அறுக்கக் கூடாது. சங்கிலி ஓடும் சட்டத்தின் நுனி மேற்பாகம் கட்டையில் பட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும். 2019இல் என்னோடு வேலை செய்த ஒருவர் இப்படி எகிறிய ரம்பத்திடமிருந்து தப்ப முயன்று ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்து மூன்று மாதம் படுத்திருந்தார். ஏணியில் ஏற அவரை அனுமதித்தவன் நான்தான். அப்போது அவருக்குக் காப்பீடு ஏதுமில்லை. ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால், விபத்தில் உயிரிழப்புக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம் ரூபாய் தரும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம், வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரையான எவருக்கும் உண்டு. அதில் சேராத எவரையும் இப்போது நான் மரத்தில் ஏற்றுவதில்லை. கால் முறிவுக்கு அது உதவாது என்பதால், தனி விபத்துக் காப்பீடும் எடுத்திருக்கிறோம்.

விலை பேசுவதில்தான் புதியவர்கள் பெரும்பாலும் கவிழ்கிறார்கள். குடியாத்தம் சாலையில் ஒரு புளியமரத்தை 3,500 ரூபாய்க்குப் பேசினேன். வேலை மூன்று நாள் இழுத்தது, தழையையும் கட்டையையும் ஏற்றிச்செல்லும் வண்டி வாடகையே கூலியில் பாதியைத் தின்றுவிட்டது. அதற்குப் பிறகு, மரத்தைச் சுற்றி வந்து பார்க்காமல் தொலைபேசியில் விலை சொல்வதில்லை. கட்டை யாருக்கு, தழையை அகற்றுவது யார், அடிக்கட்டையைத் தோண்ட வேண்டுமா ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுகிறோம். கட்டை நமக்கென்றால் கூலியைக் குறைத்துக்கொள்ளலாம். புளியங்கட்டையை இறைச்சிக் கடைக்காரர்கள் கேட்டு வாங்குகிறார்கள், மற்றவை விறகாகச் செங்கல் சூளைகளுக்குப் போகின்றன. வாகைத் தழையை ஆடு வளர்ப்பவர்கள் தாமே வந்து எடுத்துச் செல்வார்கள்.

ஏறுவதற்கு முன் மரத்தை அண்ணாந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். மலைத்தேனீக் கூடு, பறவைக் கூடு, பட்டுப்போன கிளை, மின்கம்பி ஆகிய நான்கையும் நான் தேடுவேன். பச்சை மரத்தில் மின்சாரம் பாயும். ஆகவே, கம்பி அருகில் இருந்தால், மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். அலுமினியக் கழியை அங்கே எடுத்துச் செல்லவே கூடாது. வீட்டுக்கு வெளியே, தெரு ஓரத்தில் நிற்கும் மரத்தை “நான் நட்டதுதான், வெட்டுங்கள்” என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் பலர். அவர் நட்டிருந்தாலும் அது பொது இடத்து மரம், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் ஒப்புதலின்றி அதை வெட்ட முடியாது. சந்தனம் என்றால், பட்டா நிலமாக இருந்தாலும் வனத்துறை அனுமதி வேண்டும். ஜவ்வாது மலை அடிவாரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

எனக்கு நெஞ்சு பொறுக்காத ஒன்று உண்டு. “மொட்டை அடிச்சிடுங்க” என்று கேட்பவர்களே இங்கு அதிகம். மழைக்கு முன்னால் வேம்பையும் புங்கனையும் உச்சி முழுவதும் வெட்டிக் கம்பமாக நிறுத்திவிட்டால் பயமில்லை என்று நம்புகிறார்கள். மொட்டையடித்த மரம் ஓராண்டுக்குள் வெட்டிய இடங்களைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். அந்தக் கிளைகள் மரத்தின் உள்ளிருந்து வந்தவை அல்ல, பட்டைக்கு அடியில் மேலாக ஒட்டிக்கொண்டிருப்பவை. மூன்று நான்கு ஆண்டுகளில் அவை கனத்து, காற்றில் முதலில் முறிவதும் அவையாகவே இருக்கும். ஒரே முறையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் தழையைக் கழிக்காமல், காய்ந்ததையும் ஒன்றோடொன்று உரசுவதையும் கூரை மேல் சாய்ந்ததையும் மட்டும் எடுத்தால் மரமும் நிற்கும், நிழலும் நிற்கும். அக்கினி நட்சத்திரத்தில் வேலூர் எப்படிக் காய்கிறது என்பது இவ்வூரில் வசிக்கும் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மொட்டையடிக்க மறுத்ததால் நான் இழந்த வேலைகள் பல. கழித்த மரம் அழகாக நிற்பதைப் பார்த்து அதே தெருவில் கிடைத்த வேலைகள் அவற்றைவிட அதிகம். ஆகவே, கூலிக்காக மரத்தைக் கெடுக்காதீர்கள் என்று புதிதாக வருபவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கடனைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் பெரிய தொகை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் உண்டு, இத்தொழிலின் கருவிகளுக்கு அது தாராளம். பின்னாளில் இன்னொரு மிஷினுக்காக நான் ஒரு வங்கிக் கிளையை அணுகியபோது, கடை முகவரி இல்லாத தொழிலுக்கு எப்படிக் கடன் தருவது என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை இணையத்தில் கட்டணமின்றிச் செய்துகொண்டு, ஓராண்டு வேலைச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு வேறொரு கிளைக்குப் போனபோது கடன் கிடைத்தது. ஆகவே, முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு வேலைக்கும் ரசீது எழுதிப் பழக வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் தங்கள் வாயிலாக ஒரு வேண்டுகோள். தென்னை ஏறுவதற்குத் தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் “தென்னை மரங்களின் நண்பர்கள்” என்ற பெயரில் ஆறு நாள் பயிற்சியை நடத்தியிருக்கிறது. அதைப்போலக் கயிற்றில் ஏறுதல், கிளை இறக்குதல், மிஷினைப் பாதுகாப்பாக இயக்குதல் ஆகியவற்றுக்கு ஒரு வாரப் பயிற்சியை விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ, ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்திலோ தொடங்க வேண்டும். சான்றிதழ் பெற்றவர்களின் பட்டியலை மாநகராட்சியும் நகராட்சிகளும் வைத்திருந்து, பருவமழைக்கு முன் செப்டம்பர் மாதத்திலேயே பொது மரங்களைக் கழிக்கும் வேலையை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். 2020 நவம்பரில் நிவர் புயல் இந்தப் பக்கம் வந்தபோது, சாய்ந்த மரங்களை இரவெல்லாம் மழையில் நின்று அறுத்தவர்களில் நானும் ஒருவன். அன்று எங்கள் குழுவில் ஐவருக்குச் சேர்த்து இரண்டு ஹெல்மெட்டே இருந்தது. அத்தகைய பயிற்சி தொடங்கப்பட்டால், கயிற்று முடிச்சும் மூன்று வெட்டும் கற்றுத்தர ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மரம் கழிக்கும் தொழிலாளி ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.