செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் சங்கத்து நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் உங்கள் முன் வைக்கிறேன். மாதம் ஒரு செயற்குழு கூட வேண்டும் என்பது விதி. ஒன்பதுதான் கூடியது. மே மாதம் ஊரில் ஆள் இல்லை, டிசம்பரில் மழை, ஜனவரியில் நானே சுற்றறிக்கை அனுப்ப மறந்துவிட்டேன். வாசகசாலையும் மாலை வகுப்பும் வழக்கம்போல் நடந்தன. இந்த வருஷம் நம் நேரத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டவை கோர்ட்டும் பள்ளிக்கூடமும்தான்.

2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. முப்பது வருஷம் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவன் நான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 379 என்றால் திருட்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 303. சரி, எண்ணை மனப்பாடம் செய்துவிடலாம், உள்ளே என்ன மாறியது என்று பார்ப்போம் என்றுதான் ஜூலை கடைசியில் விளக்கக் கூட்டம் வைத்தோம். அதில் உறுப்பினர்கள் அதிகம் கேட்டது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவைப் பற்றி. இதற்கு முன் தண்டனையே பெறாத ஒருவர், அந்தக் குற்றத்துக்குரிய உச்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், அவரைப் பிணையில் விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கு இது பொருந்தாது. ஜூலைக்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் சொல்லிவிட்டது. நல்ல திருத்தம். ஆனால் ஒருவர் மேல் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது என்றும் அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழைப் பையன் ஒருவன் மாட்டினால் பழைய வழக்கு இரண்டை அவன் தலையில் கட்டுவது எங்கும் நடப்பதுதான்.

இந்தியச் சிறைகளில் 2022 கணக்குப்படி 5,73,220 பேர் இருந்தார்கள். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 75 பேருக்கு மேல் தீர்ப்பே வராமல் உள்ளே இருந்தார்கள். இந்த எண்ணை நான் படித்தபோது யாரும் பெரிதாக அசையவில்லை. அப்புறம் நடந்த ஒரு விஷயம்தான் எங்களை அசைத்தது.

புதுவயல் பக்கத்து ரைஸ் மில் ஒன்றில் மூட்டை தூக்கிய ஒடிசாப் பையன், வயது இருபதோ இருபத்தொன்றோ, செல்போன் திருடியதாகக் கைதானான். ஜாமீன் சீக்கிரமே கிடைத்துவிட்டது. ஆனால் உள்ளூர் ஜாமீன்தாரர் இருவர் வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது எல்லாம் அவர்கள் பெயரில் இருக்க வேண்டும். உத்தரவு போட்ட பிறகும் 41 நாள் அவன் உள்ளேயே இருந்தான். மில்காரர் கைகழுவிவிட்டார். கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் ஒடிசாக்காரர்கள். கோர்ட் வாசலில் காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கிற ஆட்கள் எந்த ஊரிலும் உண்டு. அவர்கள் கேட்ட தொகை அவனுடைய இரண்டு மாதக் கூலி.

சரி, நாமே இரண்டு ரசீது தேடலாம் என்று நானும் பொருளாளரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். தெருவுக்குத் தெரு கோட்டை மாதிரி செட்டிநாட்டு வீடு இருக்கிற ஊர் நம்முடையது. முதல் வீட்டில் வாட்ச்மேன் மட்டும் இருந்தார், வீட்டுக்காரர் சிங்கப்பூரில். இரண்டாவது வீட்டுக்குப் பங்காளிகள் பதினோரு பேர். ஒருத்தர் கையெழுத்துப் போட்டால் மற்ற பத்துப் பேரும் கேட்பார்கள். மூன்றாவது வீடு சென்னைக்காரர்களுடையது, பூட்டு துருப்பிடித்திருந்தது. நான்காவது வீட்டில் ஒரு ஆச்சி. பட்டாலையில் எங்களை உட்காரவைத்துவிட்டு இரண்டாம் கட்டுக்குப் போய் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கி வந்தார். ரசீதுகளை வருஷவாரியாக நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். ‘எனக்கு அந்தப் பையன் யாருன்னு தெரியாது தம்பி. நீங்க கேக்குறீங்க, கொடுக்கிறேன்’ என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எல்லா ரசீதும் அவருடைய மாமனார் பெயரில். மாமனார் இறந்து நாற்பது வருஷம் ஆகிறது. இறந்தவர் ஜாமீன் நிற்க முடியாதே. ஆச்சி கொடுத்த மோரைக் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

1978இல் மோதிராம் என்ற கொத்தனார் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இதையேதான் பேசினார். அந்தக் கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அண்ணன் தம்பி ஒருவர் ஜாமீன் நிற்க வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் தள்ளிவிட்டார். சாந்தினி சௌக்கிலோ போர்ட் பிளேரிலோ ஒரு தமிழரோ மலையாளியோ மாட்டிக்கொண்டால் உள்ளூர் ஆளுக்கு எங்கே போவார் என்று கிருஷ்ணய்யர் கேட்டார். அன்று கேள்வி நம்மவரைப் பற்றியது. இன்று நம் ஊரில் ஒடிசாக்காரர் அந்த இடத்தில் நிற்கிறார்.

ஏழைக் கைதிகளுக்கு உதவ 2023இல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை பிணைத்தொகை கட்டலாம் என்று அப்போது இருந்தது. அந்தத் திட்டம் பணம் தரும், ஜாமீன் நிற்க ஆள் தராது. கடைசியில் வழிகாட்டியது உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று போட்ட உத்தரவு. ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்துக்குள் பிணை கட்ட முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பார்க்கலாம், உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்று வற்புறுத்துவதால் விடுதலை தாமதமாகிறது என்றால் அந்த நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்கிறது அது. சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் வந்த வக்கீலம்மா ஒரு பக்க மனுப் போட்டார். அன்றைக்கே, ஜாமீன்தாரர் இல்லாமல், அவனுடைய சொந்தப் பிணையில் விட்டார்கள். அந்த உத்தரவு வந்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கோர்ட்டிலேயே காலம் கழித்த எனக்கே அது தெரியாமல் இருந்தது என்பதைக் குறிப்பில் ஏற்ற வேண்டுகிறேன். காவலில் இருக்கும் யாருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் செய்தால் போதும்.

அடுத்தது நம் தோல்வி. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், 14 வயது, பூட்டிக் கிடந்த ஒரு வீட்டிலிருந்து பித்தளைக் குத்துவிளக்கை எடுத்துப் பழைய சாமான் கடையில் விற்க முயன்று பிடிபட்டான். சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பள்ளிக்கூடம்தான் விடவில்லை. மூன்று வாரம் வராததால் பெயரை அடித்துவிட்டோம், டி.சி. வாங்கிக்கொண்டு வேறெங்காவது சேருங்கள் என்றார்கள். கல்வி உரிமைச் சட்டத்தைக் காட்டலாம் என்று பார்த்தால், யாரையும் வெளியேற்றக் கூடாது என்ற அதன் விதி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. இப்படி இடறுகிற பிள்ளைகள் பலரும் அந்த வயதைத் தாண்டித்தான் இடறுகிறார்கள். 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவை எடுத்துக்கொண்டு போனோம்: குற்றம் செய்தது உறுதியானாலும், அதனால் எந்தத் தகுதியிழப்பும் சிறுவனுக்கு வரக் கூடாது என்கிறது அது. தலைமையாசிரியர் பொறுமையாகப் படித்தார், மறுபடி சேர்த்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அதற்கு முன்பே பையனுடைய படம் தெரு வாட்ஸ்அப் குழுவில் சுற்றிவிட்டது. கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தான். அரையாண்டுத் தேர்வுக்கு அப்புறம் வரவில்லை. இப்போது சித்தப்பாவோடு ஆத்தங்குடியில் டைல்ஸ் வேலைக்குப் போகிறான். அந்தப் படத்தை ஃபார்வர்டு செய்தவர்களில் நம் உறுப்பினர்கள் இருவர் உண்டு. சிறுவனின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெயர் சொல்லவில்லை. அவர்களுக்கே தெரியும்.

மில் தொழிலாளர் பிள்ளைகள் இருவரை அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தோம். டி.சி. இல்லை, பிறப்புச் சான்றும் இல்லை. இரண்டும் இல்லாவிட்டாலும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது; அந்தத் தலைமையாசிரியைக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. சின்னவள் இப்போது தெருவில் போகிற பஸ்ஸின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள்.

நீதியரசர் சந்துரு ஒருநபர் குழுவின் அறிக்கை 2024 ஜூனில் வந்தது. 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வெட்டிய சம்பவத்துக்குப் பின், பள்ளிகளில் சாதிப் பாகுபாட்டை ஒழிக்க அமைக்கப்பட்ட குழு அது. அதைப் பற்றி நம் சங்கத்தில் கூடிப் பேசினோம். கையில் சாதிக் கயிறு கூடாது என்றதை எல்லோரும் ஏற்றார்கள். பள்ளிகளின் பெயரிலிருந்து சாதியை நீக்குவது என்ற பரிந்துரைக்கு வந்ததும் கூட்டம் இரண்டாகிவிட்டது. இங்கே பாதிப் பள்ளிக்கூடங்கள் கொடையாளிகள் பெயரில் இருப்பவை. அழகப்பச் செட்டியார் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தாரே, அவர் பெயரிலும் கைவைப்பதா என்று ஒரு மூத்த உறுப்பினர் எழுந்துவிட்டார். கொடுத்தவரின் பெயர் இருக்கட்டும், சாதிப் பின்னொட்டு எதற்கு என்று இளைஞர்கள் கேட்டார்கள். தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை. வடை மட்டும் தீர்ந்தது. என் கட்சி இளைஞர்கள் பக்கம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

ஒரே ஒரு முன்மொழிவு. தன் பெயரில் நடப்பு வருஷ வீட்டு வரி ரசீது உள்ள உறுப்பினர்கள், தேவைப்படும்போது ஜாமீன் நிற்கச் சம்மதித்தால், பெயரை ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கலாம். ஆள் ஓடிவிட்டால் பத்திரத்தில் எழுதிய தொகையை நாம் கட்ட வேண்டிவரும், அதை மறைக்கவில்லை. வீட்டில் கேட்டுவிட்டு எழுதுங்கள். பதிவேடு வாசல் மேசையில், டீ கேன் பக்கத்தில் இருக்கிறது. முதல் பெயர் அந்த ஆச்சியுடையது. ரசீதைத் தன் பெயருக்கு மாற்ற போன மாதம் மனுக் கொடுத்துவிட்டாராம்.

இப்படிக்கு,
செயலாளர்