செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டும் தவறாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

நம் உறுப்பினர் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது, அவர் சொல்லாமலே வெளியில் பரவிவிட்டது. அடுத்த கூட்டத்தில் அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அவர் தண்ணீர் குடித்த டம்ளரை யாரோ தனியாக ஒதுக்கி வைத்தார்கள். அதை அவர் பார்த்துவிட்டார். அப்புறம் மூன்று மாதம் அவர் வரவில்லை. பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்களில் நானும் ஒருவன்.

செயற்குழு ஒரு மருத்துவரை அழைத்தது. பெயர் எழுதாத சீட்டுகளில் கேள்விகளை வாங்கினோம். கை குலுக்கினால், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தினால், பக்கத்தில் இருமினால் வருமா என்று கேட்டிருந்தார்கள். எதிலும் வராது. ரத்தம், விந்து, பிறப்புறுப்பு மற்றும் ஆசனவாய்த் திரவங்கள், தாய்ப்பால் இவற்றின் வழியாகத்தான் பரவும். எச்சில், வியர்வை, கண்ணீரால் பரவாது.

கொசுவைப் பற்றிய சீட்டுகள்தான் அதிகம். மலேரியாவைக் கொசு பரப்பும்போது இதை ஏன் பரப்பாது என்பது நியாயமான கேள்விதான். கொசு கடிக்கும்போது உள்ளே விடுவது தன் எச்சிலை. முன்பு உறிஞ்சிய ரத்தத்தை அல்ல. மலேரியாக் கிருமி கொசுவுக்குள் வளர்ந்து அந்த எச்சிலுக்கு வந்து சேரும். எச்.ஐ.வி. கொசுவுக்குள் பெருகாது, செரித்து அழிந்துவிடும். "வராது" என்று மட்டும் சொல்லியிருந்தால் பலர் நம்பியிருக்க மாட்டார்கள். காரணம் தெரிந்ததும் கூடத்தில் முகங்கள் தெளிந்ததைப் பார்த்தேன்.

தினமும் மருந்து எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகவும் பரவாது என்றார் மருத்துவர். இது பலருக்கும் புதிய செய்தி.

1987-ல் லண்டனில் இளவரசி டயானா கையுறை அணியாமல் எய்ட்ஸ் நோயாளி ஒருவரின் கையைப் பிடித்துக் குலுக்கிய படத்தையும் மருத்துவர் காட்டினார். அதில் நோயாளியின் முகம் தெரியாது. முகம் தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவர் சம்மதித்தாராம். எனக்கு நம் உறுப்பினர் ஞாபகம்தான் வந்தது. நோயைவிட ஊர் வாய்க்கு அஞ்ச வேண்டியிருக்கிறதே!

செயற்குழு அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டது. உறுப்பினரின் உடல்நிலையை அவர் சம்மதமில்லாமல் யாரும் பேசக் கூடாது என்று தீர்மானமும் போட்டோம். போன மாதம் அவர் கூட்டத்துக்கு வந்தார்.

இந்தப் பகுதியை முன்கூட்டியே அவரிடம் வாசித்துக் காட்டினேன். ஒரு வரியை எடுக்கச் சொன்னார். சரி என்று எடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்