படித்துறையில் நிற்க வைத்த அக்காவுக்கு

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் முதல் சாவைப் பார்த்துவிட்டு நான் இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லவில்லை. நர்சிங் படிப்பை விடவில்லை. நேற்று பேலியேட்டிவ் போஸ்டிங், அதாவது கடும் நோயில் கிடப்பவர்களின் வலியையும் அவதியையும் தணிக்கும் பயிற்சி, முடித்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

ராத்திரியெல்லாம் கூடவே முழித்திருந்த ஹாஸ்டல் பிள்ளைகள், ரெக்கார்டு நோட்டுக்கு அவகாசம் கொடுத்த மேடம், பாளையங்கோட்டைக்கும் ஊருக்குமாக பஸ்ஸில் அலைந்த அப்பா, எங்களை நம்பி வீட்டுக்குள் விட்ட முக்கூடல் குடும்பங்கள், எல்லாருக்கும் நன்றி. ஆனால் எங்களைக் கூட்டிப்போன சிஸ்டர் அக்காவைப் பற்றித் தனியாகச் சொல்லணும்.

முக்கூடலில் நான் பார்த்துக்கொண்ட ஆச்சி இறந்த அன்று, துட்டி வீட்டிலிருந்து திரும்பும்போது அக்கா ஸ்கூட்டரை ஆற்றுப் பக்கம் திருப்பினார். "செருப்பக் கழட்டு. தண்ணியில நில்லு" என்றார். நின்றேன். முழங்கால் வரை தாமிரபரணி. தைரியமா இரு, எல்லாம் பழகிப்போகும் என்றெல்லாம் சொல்லவில்லை. நான் அழுது முடிக்கும்வரை என் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் கேட்டார்: "ஆச்சிக்கு நீ என்னென்ன செஞ்ச? ஒண்ணொண்ணா சொல்லுளா."

காப்பாற்ற முடியவில்லையே என்பது மட்டும்தான் அதுவரை மனசில் இருந்தது. யோசித்து யோசித்துச் சொன்னேன். ஈரத் துணியால் வாய் துடைத்துவிட்டேன். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துக் கன்னத்துப் புண்ணில் தூவினேன். வாடை குறைந்ததும் பேரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் மார்பின் மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கணும், கூடவே மலம் இளக மருந்தும் வேணும் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அக்கா விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். "சீட்டுப் பணம்?" என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

ஆமாம். பீடி சுற்றிக் கட்டிய சீட்டு, மகள் கைக்கு வருமா என்று ஆச்சி தூங்காமல் கிடந்தார். சீட்டு பிடிக்கிற அம்மாவைக் கூட்டிவந்து பேச வைத்த ராத்திரிதான் அயர்ந்து தூங்கினார். நர்ஸாக இருந்து, பிறகு டாக்டராகி, 1967-இல் லண்டனில், சாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ள ஹாஸ்பிஸ் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், வலி உடம்போடு நிற்பதில்லை, மனசிலும் குடும்பத்திலும் இருக்கிறது என்றதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவள் நான். ஆச்சி கட்டிலருகே அதைத்தான் பார்த்தேன் என்பது, அக்கா கேட்ட பிறகுதான் உறைத்தது.

மேடம், அடுத்த பேட்ச் பிள்ளைகளில் யார் முதல் சாவைப் பார்த்துவிட்டு வந்தாலும் என்னிடம் அனுப்புங்கள். பையை நான் வைத்துக்கொள்கிறேன்.